மூன்று நாளைக்கு ஒரு நாள் நகரும் படகு

1. பதினோரு ஜன்னல்கள்

முதல் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு என் மடிக்கணினியில் பதினோரு ஜன்னல்கள் திறந்தன. ஒன்றில் மின்விசிறி மட்டும் சுற்றியது. இன்னொன்றில் யாருடையதோ ஒரு காது தெரிந்தது. ராயபுரம் ஜெனிஃபர் வீட்டில், "தண்ணி லாரி வந்துச்சி, கொடத்த எட்றீ" என்று ஒரு குரல் விரட்டிக்கொண்டிருந்தது. வேறொரு வீட்டில் மிக்சி ஓடியது. "எல்லாரும் மியூட் போடுங்க, மியூட் போடுங்க" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். நானே மியூட்டில்தான் இருக்கிறேன் என்பது ஐந்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது.

இருபத்தாறு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டராக வேலை பார்த்தவளுக்கு வந்த நிலைமை இது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீடு தண்டையார்பேட்டை. வேலை பாரிமுனையில், கப்பல் சரக்குக் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில். எழுதுகிறவர்கள் எழுதுவார்கள், அது எங்கே உடையும் என்று பார்ப்பது என் பாடு. யார்டுக்குள் வந்தே சேராத கண்டெய்னருக்கு வெளியே போக கேட் பாஸ் கொடுத்த புரோகிராமை நான் பிடித்திருக்கிறேன். பிப்ரவரி முப்பதாம் தேதி கப்பல் வரும் என்று சத்தியம் செய்த புரோகிராமையும் பிடித்திருக்கிறேன். குற்றம் கண்டுபிடிப்பதற்கே சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் என்னைப் போன்ற ஆளுக்கு வேறென்ன வேண்டும்?

ஓய்வு பெற்ற பிறகுதான் தொல்லை. குக்கர் மூன்று விசிலா நான்கா, கேஸ் புக் பண்ணியது பதினெட்டாம் தேதியா பத்தொன்பதா என்று வீட்டிலேயே ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தேன். என் தங்கை மெஹர் ஒரு நாள் கும்பிடாத குறையாகச் சொன்னாள்: "அக்கா, நீ வேற எங்கனா போய் வேற யாருக்காவது தப்பு கண்டுபுடியேன்."

அந்த நேரத்தில்தான் தினேஷ் போன் செய்தான். பெரம்பூர்ப் பையன், அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் இருந்தவன். வட சென்னைப் பிள்ளைகளுக்காக ஆன்லைனில் ஒரு கிளப் ஆரம்பித்திருந்தான். சின்னச் சின்ன கேம் செய்வதன் வழியாக புரோகிராமிங் கற்றுக்கொடுப்பது. "எழுத வேண்டாம் மேடம். கலர் கலரா கட்டங்கள் இருக்கும், இழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வேண்டியதுதான். நீங்க வாங்க, ஜாலியா இருக்கும்" என்றான்.

ஜாலியாகத்தான் இருந்தது. மாதிரிக்கு நானே ஒரு கேம் செய்து காட்டினேன். தண்டையார்பேட்டையில் கிளம்பும் பஸ், நிறுத்தத்தில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு பாரிமுனைக்குப் போக வேண்டும். அதைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு கேம் ஆரம்பித்தார்கள். பழைய வண்ணாரப்பேட்டை இம்ரான் டிரெய்லர் லாரி கேம் செய்தான். ஜெனிஃபர் பூனை கேம் செய்தாள். அந்தப் பூனை தாவித் தாவிக் கடைசியில் திரையை விட்டே வெளியே போய்விடும், திரும்பி வராது. "பூன வூட்ட உட்டு ஓட்டிச்சி மிஸ்" என்று அவள் கவலையே இல்லாமல் சொன்னாள்.

2. "இப்படித்தான் டிசைன், மேடம்"

கதைக்கு வருமுன் எங்கள் தொழிலின் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் கவனித்துக்கொள்ளவும்.

ஒன்று, டெஸ்டர் கோடை, அதாவது எழுதி வைத்த புரோகிராமை, தொடக்கூடாது. தப்பு இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். திருத்துவது எழுதியவருடைய வேலை. மற்றவர் கோடில் கை வைப்பது மற்றவர் வீட்டுக் குழம்பில் உப்பு போடுவது மாதிரி. அவர் ஏற்கெனவே போட்டாரா என்று நமக்குத் தெரியாது.

இரண்டு, புரோகிராம் எழுதும் டெவலப்பர்களுக்கு என்று ஒரு பதில் உண்டு. நாம் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு தப்பை, எங்கள் பாஷையில் பக், கண்டுபிடித்துக் கொண்டுபோனால், "இது பக் இல்ல மேடம், இப்படித்தான் டிசைன்" என்பார்கள். இருபத்தாறு வருடமும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் சோம்பேறித்தனம், மிச்சம் பொய். ஒரு தடவைகூட நான் ஒப்புக்கொண்டதில்லை.

3. சந்தியாவின் படகு

பதினோரு பேரில் சந்தியா அதிகம் பேச மாட்டாள். எண்ணூர் ஆற்று முகத்துவாரத்தில் நெட்டுக்குப்பம், ஏழாம் வகுப்பு. வீட்டுக்கு ஒரே போன். அதை அவள் அப்பா ஏழுமலை மீன்பிடித் தொழிலுக்குப் போகும்போது பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விடுவார். சனிக்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை மட்டும் அது சந்தியாவுடையது. போனில் அம்புக்குறிப் பொத்தான் கிடையாது என்பதால் திரையிலேயே ஓர் அம்பு வரைந்து, அதைத் தொட்டால் படகு நகர்கிற மாதிரி செய்திருந்தாள். அதை நான் யாருக்கும் சொல்லித்தரவில்லை.

மூன்றாம் மாதம் தினேஷ் அறிவித்தான். "அடுத்த சனிக்கிழமை பேரன்ட்ஸ் எல்லாரும் வராங்க. அவங்கவங்க கேமை அவங்கவங்களே ஆடிக் காட்டணும்."

சந்தியா மியூட்டை எடுத்தாள். "மிஸ், என்து ஒயுங்கா வர்ணும் மிஸ். நைனா பாத்துட்டு தான் சொல்லும், இனிமே போன் குடுக்குறதா வாணாமான்னு."

"இதுக்கு ஏன் அப்படிச் சொல்றார்?"

"சும்மா போன நோண்டிகினு கீறன்னு நெனச்சிகினு கீது. நான் நெஜமாவே செய்றேன்னு காட்டணும்."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். இந்த இரண்டு சொற்களால் உலகத்தில் நடந்த நாசத்துக்கு அளவே இருக்காது.

4. நான் பார்த்துக்கொண்ட லட்சணம்

வெள்ளிக்கிழமை மதியம் பதினோரு கேமையும் திறந்து ஒவ்வொன்றாக டெஸ்ட் செய்தேன். கிளப்பின் கணக்கில் எல்லாமே எனக்குத் திறக்கும்.

சந்தியாவின் கேமில் ஆறு, ஒரு படகு, தண்ணீருக்குள் இறால்கள். மேலே 'நாள்' என்று ஓர் எண் ஓடும். இருபது விநாடிக்கு ஒரு நாள். முதல் நாள் அம்பைத் தொட்டேன், படகு ஆற்றுக்குள் போனது, வலை கட்டியது, இறால் விழுந்தது. இரண்டாம் நாள் தொட்டேன், படகு அசையவில்லை. மூன்றாம் நாளும் அசையவில்லை. அத்துடன் நிறுத்திவிட்டு நோட்டில் எழுதினேன்: 'இரண்டாம் நாளிலிருந்து அம்பு வேலை செய்யவில்லை.'

ஒரு டெஸ்டர் மூன்று நாளோடு நிறுத்தலாமா? என் ஜூனியர் யாராவது அப்படிச் செய்திருந்தால் அன்று முழுக்க அவர்களை வறுத்தெடுத்திருப்பேன்.

கட்டங்களைத் திறந்து பார்த்தேன். படகை நகர்த்தும் கட்டத்தைச் சுற்றி ஒரு நிபந்தனை இருந்தது. அதற்குள் 'மாட்' கட்டம். ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் வகுத்தால் மீதி என்ன என்று சொல்வது அது. நாளை மூன்றால் வகு, மீதி ஒன்று வந்தால் மட்டும் படகை நகர்த்து. மாட் பற்றி நான் வகுப்பில் மூச்சுகூட விட்டதில்லை. ஏதோ இழுக்கும்போது தவறி வந்து விழுந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். கூடவே 'வ' என்ற பெயரில், எண்ணைச் சேர்த்து வைக்கும் ஒரு வேரியபிள், அம்பைத் தொட்டால் சில சமயம் ஒன்று ஒன்றாகக் கூடியது. திரையில் அதனால் எதுவும் மாறவில்லை. குப்பை என்று நினைத்தேன்.

பழைய கோடை ஒரு நகல் எடுத்து வைத்தேன். அது கை பழக்கம். பிறகு நிபந்தனையைக் கழற்றினேன், 'வ'வை அழித்தேன். ஏழு நிமிட வேலை. படகு எல்லா நாளும் அழகாகப் போனது. சந்தோஷத்தில், இறால் விழும்போதெல்லாம் கைத்தட்டல் சத்தம் வருகிற மாதிரி ஒன்றை நானே சேர்த்துவிட்டேன். பாவம், பிள்ளை ஜெயிக்கட்டும் என்று.

அவளிடம் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, போன் அவள் அப்பாவோடு ஆற்றில் இருந்தது. மறுநாள் வரை பொறுத்திருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

5. சனிக்கிழமை

நெட்டுக்குப்பம் ஜன்னலில் ஒரு கூட்டமே இருந்தது. சந்தியா, அவள் அம்மா, ஏழுமலை, பின்னால் மீசையோடு ஒருவர். அவர் அம்மாவின் தம்பி சேகர், பக்கத்துக் குப்பத்துக்காரர், மருமகள் செய்ததைப் பார்க்க வந்திருக்கிறார் என்று சந்தியா பெருமையாகச் சொன்னாள்.

முதல் நாள் படகு போனது. கைத்தட்டல் வந்தது. சந்தியா ஒரு நொடி திரையை விழித்துப் பார்த்தாள். இரண்டாம் நாள் வந்தது. அம்பைத் தொட்டாள். படகு கிளம்பியது. அவள் மறுபடியும் தொட்டாள், படகு இன்னும் உள்ளே போனது. வலை விழுந்தது, இறால் விழுந்தது, கைத்தட்டல் ஒலித்தது.

நெட்டுக்குப்பத்தில் யாரும் கை தட்டவில்லை. சேகர்தான் முதலில் சிரித்தார்.

"இன்னா மச்சான், நாங்க வூட்ல சோறு துன்னுகினு இருக்கசொல உம் பொண்ணு எங்க நாள்ல வந்து வலை கட்டிகினு கீது? இத்த தான் சொல்லிக் குட்த்து வச்சிகீறியா?"

கேலிதான். ஆனால் ஏழுமலையின் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாடி இது?" என்றார்.

"நான் இப்டி போடல நைனா."

"நீதான் செஞ்சேன்னு சொன்ன?"

சந்தியா அம்பிலிருந்து விரலை எடுத்தாள். 'நான் போடவில்லை' என்று அவள் சொன்னால் கேம் அவளுடையது இல்லை. 'நான்தான் போட்டேன்' என்று சொன்னால் அவமானம். இது இப்போது எனக்குப் புரிகிறது. அன்று நான் கழுத்தை நீட்டிக்கொண்டு, "நல்லாத்தானே போகுது, ஆடும்மா" என்றேன். ஜன்னல் இருண்டுவிட்டது.

"சிக்னல் போயிடுச்சு போல" என்றான் தினேஷ்.

6. நான்காம் நாள்

அடுத்த சனிக்கிழமை பத்து ஜன்னல்கள்தான். அதற்கடுத்த சனிக்கிழமையும் பத்து. ஏழுமலைக்கு போன் செய்தேன். "ஒண்ணும் இல்ல டீச்சரம்மா. போனு எனக்கு தேவையா கீது" என்று சொல்லி வைத்துவிட்டார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பரவாயில்லை.

எனக்கு உறுத்தியது உண்மை. ஆனால் அதைவிட அதிகமாக அரித்தது வேறொன்று. 'எங்க நாள்' என்று அந்த மனிதர் ஏன் சொன்னார்? எடுத்து வைத்த நகலைத் திறந்தேன். இந்தத் தடவை மூன்றாம் நாளோடு நிறுத்தவில்லை. இரண்டாம் நாள் படகு நின்றது. மூன்றாம் நாள் நின்றது. நான்காம் நாள் கிளம்பியது! ஐந்து, ஆறு இல்லை. ஏழாம் நாள் கிளம்பியது. பத்தாம் நாள் கிளம்பியது. தவறி விழுந்த கட்டம் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யாது. இந்தப் பிள்ளை எதையோ கணக்குப் போட்டிருக்கிறாள், அது என்ன என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

திங்கட்கிழமையே எண்ணூர் பஸ் பிடித்தேன். லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று போய், இறங்கி, ஷேர் ஆட்டோ ஏறி நெட்டுக்குப்பம் போய்ச் சேரும்போது மாலையாகிவிட்டது. ஏழுமலை கரையில் படகோரமாக உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். சந்தியா பள்ளி யூனிபார்மோடு நூலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், சிரிக்கவில்லை.

"அந்த கேம்ல படகு ரெண்டாம் நாள் போச்சே, அது சந்தியா செஞ்சதில்ல. நான் செஞ்சது. அவகிட்ட கேக்காம மாத்திட்டேன்" என்றேன் நேராக.

ஏழுமலையின் கை நின்றது. மகளைப் பார்த்தார். "அப்ப நீ போட்டது இன்னா?"

"மூணு நாளைக்கு ஒரு நாளு தான் நைனா போவும்."

அவர் ஊசியை வலையில் செருகினார். பிறகு என்னிடம் திரும்பினார். "ஆத்துல எறா வலை கட்ற எடம் கம்மி மா. அல்லாரும் ஒரே நாள்ல எறங்கினா அடிதடி தான். அதான் பாடுன்னு பிரிச்சி வச்சிகீறோம். இன்னிக்கி எங்க நாளுன்னா நாளைக்கி மச்சான் ஊரு, அப்பால இன்னொரு ஊரு. நெஜத்துல இன்னும் கணக்கு கீது, புள்ள வெளாட்டுக்கு சுருக்கிகீது. அடுத்தவன் நாள்ல நாங்க கயிறு அவுக்க மாட்டோம். வூட்ல அடுப்பு எரியலன்னாலும் அவுக்க மாட்டோம். அத்த போய் மச்சான் எதிர்லயே..." என்று நிறுத்தினார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு ஊரே கட்டிக் காக்கிற ஒழுங்கை ஏழு நிமிடத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, அதற்குக் கைத்தட்டலும் வைத்திருக்கிறேன்.

"மாட் கட்டம் உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்க?" என்று சந்தியாவிடம் கேட்டேன். அந்த நிலையிலும் எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

"யாரும் இல்ல மிஸ். அந்த பச்ச கட்டம் இன்னா பண்ணுதுன்னு ஒவ்வொரு நம்பரா போட்டு பாத்தேன். நாலு போட்டா ஒண்ணு வந்துச்சி. ஏழு போட்டாலும் ஒண்ணு வந்துச்சி. அது எங்க நாளு."

"அந்த 'வ'?"

"வலை, மிஸ்." என் முட்டாள்தனத்தை நம்ப முடியாதவள் போலப் பார்த்தாள். "அடுத்தவங்க நாள்ல அம்ப தொட்டா படகு போவாது, வலைய தெக்கும். எவ்ளோ தொடறியோ அவ்ளோ ஓட்ட அடையும். அப்பால எங்க நாளு வந்தா எறா நெறிய வுயும். நீங்க அயிச்சிட்டீங்க."

நான் ஏழுமலையின் கையில் இருந்த வலையைப் பார்த்தேன். அன்று அவர்கள் நாள் இல்லை.

"மன்னிச்சுக்கோ சந்தியா. தப்புன்னு நெனச்சிட்டேன்."

"நீங்க கேக்கவே இல்லியே மிஸ்" என்றாள். அவ்வளவுதான். இருபத்தாறு வருடத்தில் என்னைப் பற்றி யாரும் எழுதாத பக் ரிப்போர்ட் அது.

போனை வாங்கி அங்கேயே பழைய நகலை ஏற்றிக் கொடுத்தேன். ஏழுமலை வலை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு முதல் நாள் ஆடினார். இரண்டாம் நாள் படகு நின்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். "அத்த தொட்டுகினே இரு நைனா, சும்மா இருக்காத" என்று மகள் அதட்டினாள். நான்காம் நாள் இறால் பொலபொலவென்று விழுந்தது. "சோக்கா கீதே!" என்று ஊசி வாயிலிருந்து விழச் சிரித்தார். பிறகு என்னிடம், "சனிக்கெயம மச்சான இட்டாரேன். அவன் எதிர்ல நீங்க சொல்லணும்" என்றார்.

சனிக்கிழமை எல்லா வீட்டையும் மறுபடி கூட்டிச் சொன்னேன். பத்துப் பெற்றோர், பதினோரு பிள்ளைகள், தினேஷ், மீசைக்கார சேகர், எல்லோர் முன்னாலும், என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், யாரிடம் கேட்கவில்லை என்று வரிசையாகச் சொன்னேன். சேகர் போனைப் பிடுங்கி ஆடினார். ஐந்தரை மணி தாண்டியும் அவர் தரவில்லை. "இருடீ, என் நாளு வர்ட்டும்" என்று மருமகளோடு சண்டை போட்டார். ஏழுமலை போனைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

7. கற்றுக்கொண்டது

அதன் பிறகு எந்தக் கேமைத் திறந்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: "நீ என்ன நினைச்சு செஞ்சே?" பாதிப் பேர், "தெரீல மிஸ், தானா வந்துச்சி" என்பார்கள். அது பக். மீதிப் பேர் ஏதாவது சொல்வார்கள், அதில் சில சமயம் எனக்குத் தெரியாத ஓர் ஊரே இருக்கும். இம்ரானின் லாரி துறைமுக கேட்டில் அரை நிமிடம் சும்மா நிற்கும். முன்பு போல இருந்தால் அதையும் கழற்றியிருப்பேன். கேட்டேன். "எங்க வாப்பா லாரி அங்க தான் மிஸ் நிக்கும், அதான் லேட்டா வரும்" என்றான். ஜெனிஃபரின் பூனைக்கு மட்டும் இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை.

போன மாதம் என் பஸ் கேமில் இரண்டாவதாக ஒரு நிறுத்தம் சேர்த்து, டெஸ்ட் செய்து பாருங்கள் என்று பிள்ளைகளிடம் கொடுத்தேன். சந்தியா மியூட்டை எடுத்தாள்.

"மிஸ், ஸ்டாப்புல ஆளுங்க கைய காட்டிகினு நிக்கறாங்க. பஸ்சு நிக்காம போய்கினே கீது."

"அப்படியா?"

"நீங்க இன்னா நெனச்சி செஞ்சீங்க? தப்பா பூட்ச்சா, இல்ல நம்ம பஸ்சு அப்டித்தான் போவும்னு போட்டீங்களா?"

பத்து ஜன்னல்களும் சிரித்தன. இருபத்தாறு வருடம் கேட்டுக் கேட்டு வெறுத்த பதில் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. இப்படித்தான் டிசைன் என்று சொல்லியிருந்தால் அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள். நம் ஊர் பஸ்ஸில் ஏறியவர்கள்தானே.

"இல்ல சந்தியா. என் தப்புதான்" என்றேன்.

"அப்ப நான் சரி பண்ணட்டா மிஸ்?" என்று கேட்டுவிட்டு, நான் சரி என்று சொல்லும் வரை எதையும் தொடாமல் காத்திருந்தாள்.